பொருள் இங்கே, அச்சு எங்கே?

வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் பொருள் எதையாவது கவிழ்த்துப் பார்த்தால் அது பிறந்த கதை அடிப்பக்கத்தில் தெரியும். வாளியின் அடியில் நட்ட நடுவே தடவினால் ஒரு சிறு முனை கையில் நெருடும். உருகிய பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த வாசல் அது. மிக்ஸி மூடியின் உட்புறத்தில் வட்ட வட்டமாகத் தெரிபவை, இறுகிய பொருளை அச்சிலிருந்து வெளியே தள்ளிய எஜெக்டர் பின்களின் தடம். விளிம்பைச் சுற்றி மெல்லிசாக ஓடும் கோடு, அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம். கார், பைக் உதிரிபாகங்களில் இன்னொரு சங்கதியும் உண்டு. 1 முதல் 12 வரை எண்கள் சுற்றி நிற்க, நடுவில் அம்புக்குறியோடு ஒரு குட்டிக் கடிகாரம். எந்த ஆண்டு, எந்த மாதம் வார்த்தார்கள் என்பதை அது சொல்லிவிடும். அந்த அச்சை எந்த ஊரில் செய்தார்கள் என்பதை மட்டும் எந்தக் குறியும் சொல்லாது.

தமிழ்நாட்டின் தொழில் வளர்ச்சி பற்றிய பேச்சிலும் அந்தக் கேள்வி அதிகம் எழுவதில்லை. எத்தனை கோடி முதலீடு, எத்தனை ஆயிரம் வேலை, எத்தனை லட்சம் கைபேசி என்று ஒவ்வொரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தின்போதும் கணக்கு வருகிறது. அந்தக் கைபேசிக்கும் காருக்கும் மின்விசிறிக்கும் உருவம் கொடுக்கிற அச்சுகளில் எத்தனை இங்கே செய்யப்பட்டன என்ற கணக்கு வருவதில்லை. வர வேண்டும். அச்சு கைவசம் இல்லாத ஊர், அடுத்தவர் வரைந்த பொருளை அடுத்தவர் அச்சில் வார்த்துக் கொடுத்துக் கூலி வாங்கும் ஊராகவே நின்றுவிடும்.

அப்படி என்ன பெரிய வித்தை என்று தோன்றலாம். கொழுக்கட்டை அச்சைப் பார்த்தவர்களுக்கு அடிப்படை புரிந்துவிடும்: இரண்டு பாதி, நடுவில் வெற்றிடம், அடைத்து மூடித் திறந்தால் உருவம். தொழிற்சாலை அச்சிலும் குழிந்த பாதி ஒன்று உண்டு, அது கேவிட்டி. புடைத்த பாதி கோர். ஆனால் அங்கே 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகிய பிளாஸ்டிக், சதுர அங்குலத்துக்குப் பல ஆயிரம் பவுண்டு அழுத்தத்தில் பாய்கிறது. பாய்ந்தது ஆறும்போது சுருங்குகிறது. ஏ.பி.எஸ். என்றால் அரை விழுக்காடு போல. பாலிபுரோப்பிலீன் என்றால் ஒன்றரை விழுக்காடு, சில வேளை இரண்டுக்கும் மேல். 100 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு மூடி வேண்டுமென்றால் அச்சை 101.5 மில்லிமீட்டருக்கு வெட்ட வேண்டியிருக்கும். எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்கினாலும் பரவாயில்லை. கண்ணாடி இழை கலந்த நைலான், பாயும் திசையில் குறைவாகவும் குறுக்கே அதிகமாகவும் சுருங்கி, தட்டையாக வர வேண்டிய பாகத்தை முறுக்கிவிடும்.

உள்ளே இருக்கும் காற்றும் வெளியேற வேண்டும். அதற்கு விளிம்பில் 0.02 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வழி விடுகிறார்கள். காற்று தப்பும், பிளாஸ்டிக் தப்பாது. ஆழம் சற்றுக் கூடினால் ஓரமெல்லாம் பிசிறு. விடாமலே போனால், சிக்கிய காற்று அழுந்திச் சூடேறிப் பொருளின் மூலையைக் கருக்கிவிடும். பொருள் நழுவி வெளியே வர பக்கச் சுவர்களுக்கு ஒரு டிகிரியாவது சரிவு வேண்டும். வார்க்கும் நேரத்தில் பாதிக்கு மேல் குளிரவைப்பதிலேயே போகிறது என்பதால், எஃகுக்குள் தண்ணீர் ஓடும் துளைகளை எங்கே போடுவது என்பது பொருளின் அடக்கவிலையையே மாற்றும். ஒரு பொருளுக்கு இரண்டு நொடி மிச்சப்பட்டால், பத்து லட்சம் பொருள் வார்த்து முடிக்கும்போது 23 நாள் இயந்திர ஓட்டம் மிச்சம்.

இத்தனையையும் எஃகில் கை வைக்கும் முன்பே யோசித்து முடித்துவிட வேண்டும். வெட்டிய எஃகை ஒட்டவைப்பது கடினம். அதனால்தான் அனுபவசாலிகள் எப்போதும் எஃகை மிச்சம் வைத்து வெட்டுகிறார்கள். குறையாக வெட்டினால் இன்னும் வெட்டலாம், கூடுதலாக வெட்டிவிட்டால் வெல்டிங் வைத்து ஒப்பேற்ற வேண்டும்.

அம்பத்தூரிலும் கிண்டியிலும் ஓசூரிலும் கோவையின் பீளமேடு, குறிச்சிப் பக்கங்களிலும் இந்த வேலை நடக்கிற டூல் ரூம்கள் இருக்கின்றன. சிலவற்றின் வாசலில் பெயர்ப்பலகைகூடக் கண்ணில் படாது. உள்ளே ஒரு ஃபிட்டர், கோரின் முகத்தில் நீலப் பசையை விரலால் மெல்லிசாகப் பூசுகிறார். இரண்டு பாதிகளையும் மூடித் திறக்கிறார். எதிர்ப்பக்கத்தில் நீலம் ஒட்டிய இடம் மேடு, ஒட்டாத இடம் பள்ளம். மேட்டை மட்டும் கல்லால் தேய்த்து, துடைத்து, மறுபடி பூசி, மறுபடி மூடுகிறார். சுற்றளவு முழுக்க நீலம் ஒரே சீராகப் பதியும்வரை இது ஓயாது. சி.என்.சி. இயந்திரம் மைக்ரான் கணக்கில் வெட்டித் தந்த பிறகும் மிச்சம் இருக்கிற வேலை இது.

அடுத்த மேசையில் பாலிஷ் போடுகிறவர். 15 மைக்ரான் வைரப் பசையில் தொடங்கி 9, 6, 3 என்று இறங்கி 1 மைக்ரானுக்கு வருகிறார். ஒவ்வொரு படிக்கும் நடுவில் எஃகையும் கழுவ வேண்டும், கையையும் கழுவ வேண்டும்; முந்தைய பசையின் ஒரே ஒரு துகள் தங்கினாலும் கீறல் விழும். பளபளப்பு போதாதென்று அளவுக்கு மேல் தேய்த்தால், பரப்பு பொரிபொரியாய் எழும்பிவிடும்; ஆரஞ்சு பீல் என்று பெயர். திரும்பவும் கல்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். எங்கே நிறுத்துவது என்பதை எந்த மென்பொருளும் அவருக்குச் சொல்வதில்லை.

கூர்மையான உள்மூலைகளையும் ஆழமான காடிகளையும் வெட்டும் கருவி எட்டாது. அங்கே ஈ.டி.எம். வருகிறது: எண்ணெய்த் தொட்டிக்குள் செம்பு மின்முனை இறங்க, நீலப் பொறிகள் சடசடவென்று எஃகை அரிக்கின்றன. இதற்கு ஒரு நல்ல பூர்வகதை உண்டு. 1943-இல் சோவியத் ஒன்றியத்தின் லாசரென்கோ தம்பதியர், மின்தொடர்பு முனைகள் பொறியால் அரிக்கப்படுவதைத் தடுக்க வழி தேடினார்கள். தடுக்க முடியவில்லை. அரிப்பையே உலோகம் வெட்டும் முறையாக்கிவிட்டார்கள்.

இந்தத் தொழில் ஒரு நாட்டுக்கு என்ன செய்யும் என்பதை 2017 டிசம்பரில் சீனாவின் குவாங்சோ நகரில் நடந்த மாநாட்டில் ஆப்பிள் தலைவர் டிம் குக் எல்லாருக்கும் புரியும்படி சொன்னார். சீனாவுக்குப் போவது கூலி மலிவு என்பதற்காக அல்ல, ஒரே இடத்தில் குவிந்திருக்கும் திறமைக்காக என்றார். அமெரிக்காவில் அச்சும் கருவியும் வடிவமைக்கிற டூலிங் பொறியாளர்களைக் கூட்டினால் ஓர் அறையை நிரப்ப முடியுமா என்பதே சந்தேகம், சீனாவில் பல கால்பந்து மைதானங்களை நிரப்பலாம் என்பது அவர் கணக்கு. தன் நிறுவனத்தின் முடிவுக்கு நியாயம் கற்பிக்கும் பேச்சு என்று அதை ஒதுக்கலாம்தான். ஆனால் 2025 ஜூலையில், ஆப்பிளுக்குக் கைபேசி செய்துதரும் ஃபாக்ஸ்கானின் இந்திய ஆலைகளிலிருந்து சீனப் பொறியாளர்கள் நூற்றுக்கணக்கில் திருப்பி அழைக்கப்பட்டதாகச் செய்தி வந்தபோது ஏன் இத்தனை கலக்கம்? கட்டடம் இங்கே இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, பல்லாயிரம் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். விமானம் ஏறிப் போனது எதுவோ அதுதான் பற்றாக்குறை.

பொம்மை விவகாரத்திலும் இதுவே நடந்தது. இறக்குமதிப் பொம்மைகள் மீதான சுங்க வரியை ஒன்றிய அரசு 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆக்கியது, 2023-இல் 70. இடையில் 2021 ஜனவரி முதல் தரக் கட்டுப்பாட்டு ஆணையும் வந்தது. உள்ளூர் உற்பத்திக்கு இடம் கிடைத்தது உண்மை. ஆனால் அந்த வரி பொம்மைக்குத்தான். பொம்மை வார்க்கும் அச்சு வேறு சுங்கத் தலைப்பில் வருகிறது. அதற்கு இந்த மதில் கிடையாது. அச்சுக்கும் மதில் கட்டு என்பது இங்கே வாதம் அல்ல. செய்யத் தெரிந்த கைகள் போதாத இடத்தில் அச்சுக்கு வரி போட்டால் பொம்மைக்காரர்தான் முதலில் மூச்சுத் திணறுவார். மதிலுக்குள்ளே என்ன வளர்க்கப்போகிறோம் என்று முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும் என்பதே குறை.

பெரிய நாடு, பெரிய மூலதனம் இருந்தால்தான் இது முடியும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. போர்ச்சுகலின் மரின்யா கிராண்டே கண்ணாடிக்குப் பெயர்போன சிற்றூர்; 18-ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே கண்ணாடி ஆலை உண்டு. கண்ணாடிப் பாத்திரம் ஊத உலோக அச்சு வேண்டும், அதைச் செய்யும் கைகள் ஊரில் இருந்தன. 1940-களில் அனிபல் அப்ராந்தெஸ் என்பவர் அந்தக் கைகளைக் கொண்டு பிளாஸ்டிக் அச்சு செய்ய ஆரம்பித்தார். அவரிடம் வேலை பழகியவர்கள் வெளியேறித் தனிப் பட்டறை போட்டார்கள். அவர்களிடம் பழகியவர்கள் இன்னும் சில. இன்று அந்த வட்டாரம் ஐரோப்பியக் கார் நிறுவனங்களுக்கு அச்சு அனுப்புகிறது. அந்நாட்டில் செய்யும் அச்சுகளில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே போகிறது. கோவையின் கதையும் ஏறத்தாழ இதே பாதையில் தொடங்கியதுதான். பம்பு செட்டுக்கு வார்ப்பாலை, வார்ப்பாலைக்கு மரத்தில் பேட்டர்ன் செதுக்கும் ஆட்கள், அவர்களைச் சுற்றி லேத் பட்டறைகள். விதை ஒன்றேதான். அங்கே நாடே அதை ஏற்றுமதித் தொழிலாகப் பார்த்தது, இங்கே ஜாப் ஒர்க்காகப் பார்த்தார்கள்.

பட்டறையும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. டோக்கியோவின் சுமிடா பகுதியில் ஒக்கானோ மசாயுகி நடத்திய பட்டறையில் வேலை செய்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தெருமோ என்ற மருத்துவக் கருவி நிறுவனம், நீரிழிவு நோயாளிகளுக்கு வலி தெரியாத இன்சுலின் ஊசி வேண்டும் என்று யோசித்தது: அடியில் 0.35 மில்லிமீட்டர், நுனியில் 0.2 மில்லிமீட்டர் விட்டம். குழாயை இழுத்து ஊசி செய்யும் வழக்கமான முறையில் இப்படிக் கூம்பிய துளை வராது. பலரும் முடியாது என்ற வேலையை ஒக்கானோ எடுத்துக்கொண்டார். மெல்லிய எஃகுத் தகட்டை டை வைத்துச் சுருட்டி ஊசியாக்கினார். 2005-இல் அது விற்பனைக்கு வந்து, அந்த ஆண்டின் ஜப்பானிய வடிவமைப்புப் பெருவிருதையும் வாங்கியது. அந்த நிறுவனத்தின் ஆய்வகத்தில் நின்றுபோன யோசனையை முடித்துவைத்தவர் ஒரு டை மேக்கர்.

டென்மார்க்கின் லெகோ பொம்மை நிறுவனத்துக்கு அச்சின் அருமை தெரியும். 1958-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவத்தில் அன்று செய்த பொம்மைச் செங்கல் இன்றைய செங்கல்லோடு சிக்கெனப் பொருந்துகிறதென்றால், அச்சில் மைக்ரான் கணக்கில் பிடித்த பிடிவாதம்தான் காரணம். தேய்ந்த அச்சுகள் போட்டியாளர் கையில் சிக்காமலிருக்க, அவற்றைத் தன் கட்டடங்களின் அஸ்திவாரக் கான்கிரீட்டில் புதைத்த காலமும் உண்டு.

தமிழ்நாட்டுக்கு அச்சு செய்வது புதுத் தொழில் இல்லை. ஐ.நா. உதவியோடு 1968-இல் சென்னை கிண்டியில் சிப்பெட் என்ற பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கியது. பிளாஸ்டிக் அச்சுத் தொழில்நுட்பத்தில் மூன்றாண்டு டிப்ளமோ அங்கே இன்றும் உண்டு. பக்கத்துக் கேரளத்தில் தலச்சேரிக்கு அருகே நெட்டூரில் சுவிஸ் உதவியோடு முளைத்த என்.டி.டி.எஃப். பயிற்சி நிறுவனம் பல தலைமுறை டூல் மேக்கர்களைத் தந்திருக்கிறது. ஐ.டி.ஐ.க்களில் டூல் அண்டு டை மேக்கர் பிரிவு இருக்கிறது. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாட்டா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,800 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் மாநில அரசு புதுப்பித்திருக்கிறது. பாராட்டத்தக்க செலவு. ரோபோவும் சி.என்.சி.யும் 3டி பிரின்டரும் வந்து இறங்கியிருக்கின்றன.

ஆனால் ஐ.டி.ஐ. படிப்பு இரண்டு ஆண்டு. ஜெர்மனியில் டூல் மேக்கர் பயிற்சி மூன்றரை ஆண்டு, அதில் பெரும்பகுதி நிறுவனத்துக்குள்ளேயே, சம்பளத்தோடு. அதன் பிறகும் ஒரு முழு அச்சைத் தனியாக நம்பி ஒப்படைக்க இன்னும் சில ஆண்டு ஆகும் என்பார்கள் தொழிலில் இருப்பவர்கள். இங்கே அந்த நடுக்காலத்தின் செலவை யார் ஏற்பது? சிறு பட்டறை முதலாளி கற்றுக்கொடுத்தால், பையன் வேலை பழகிய கையோடு பெரிய ஆலை கூடுதல் சம்பளம் கொடுத்துக் கூட்டிப் போய்விடுகிறது. போகிற பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்தவனுக்குக் கற்றுத்தர முதலாளி தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. ஒன்றிய அரசின் தொழிற்பழகுநர் திட்டம் உதவித்தொகையில் 25 விழுக்காடு, அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாய் தருகிறது. பொட்டலம் கட்டும் வேலைக்கும் அதே தொகை, எஃகில் மைக்ரான் பிடிக்கும் வேலைக்கும் அதே தொகை. மின்னணு உற்பத்திக்கு விற்பனை வளர்ச்சியில் 4 முதல் 6 விழுக்காடு வரை ஊக்கத்தொகை தர 2020-இல் முடிந்த அரசுக்கு, டூல் ரூமில் ஐந்து ஆண்டு தங்கிப் பழகும் இளைஞரின் மூன்றாவது, நான்காவது ஆண்டுச் சம்பளத்தில் பாதியை ஏற்பது பெரிய காரியம் அல்ல. மாநில அரசே இதைத் தொடங்கலாம்.

பணம் வருகிற விதமும் மாற வேண்டும். இதைப் பற்றிக் கூட்டங்களில் யாரும் அதிகம் வாய் திறப்பதில்லை. ஆர்டர் தருபவர் எதிரே உட்கார்ந்திருப்பார். அச்சுக்கான தொகை பெரும்பாலும் தவணையாக வருகிறது: ஆர்டரோடு முன்பணம், முதல் ட்ரையலில், அதாவது சோதனை வார்ப்பில், ஒரு பங்கு, மாதிரிக்கு ஒப்புதல் கிடைத்த பின் மிச்சம். அந்த ஒப்புதல்தான் வராது. முதல் ட்ரையலில் ஒரு குறை, இரண்டாவதில் இன்னொன்று, மூன்றாவதில் வாடிக்கையாளரே வடிவத்தை மாற்றிவிட்டு அதையும் திருத்தக் கணக்கில் சேர்ப்பது. 2006-ஆம் ஆண்டின் சிறு குறு நிறுவனச் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. சட்டம் கறார்தான். ஆனால் பொருள் வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொன்னால், அது தீர்ந்த நாளிலிருந்துதான் கெடு ஓடத் தொடங்கும். வாளி விற்பவருக்கு இது பிரச்சினையே இல்லை. ஆட்சேபமும் திருத்தமுமே தொழிலாக இருக்கிற அச்சுக்காரருக்கு அந்தக் கெடு ஓடுவதே இல்லை. எஃகுக்கும், பிளாஸ்டிக்கை உருகிய நிலையிலேயே அச்சுக்குள் கொண்டுசெல்லும் ஹாட் ரன்னருக்கும் கைக்காசைப் போட்டுவிட்டு அவர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்.

அச்சின் பிழை எது, வாடிக்கையாளர் செய்த வடிவ மாற்றம் எது என்று பிரித்துக் காட்டும் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை மாநிலத் தொழில் துறை எழுதி வெளியிடலாம். மாற்றம் என்றால் தனி விலை, தனிக் கெடு. சலுகை வாங்கும் பெரிய ஆலைகள் அதைப் பின்பற்ற வேண்டும் என்பதைச் சலுகையின் நிபந்தனையாகவே வைக்கலாம்.

சீன அச்சு மலிவு, சில வாரங்களில் கப்பலேறி வந்துவிடும், பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்கிறவர்கள் உண்டு. முதல் அச்சுக்கு அவர்கள் சொல்வது சரி. இரவு ஷிஃப்டில் பின் ஒடிந்து அச்சு நின்றுபோனால் அதைக் கழற்றி, வெல்டிங் வைத்து, திரும்ப மேட்ச் பண்ண ஆள் உள்ளூரில்தான் இருக்க வேண்டும். அடுத்த மாடலுக்கு மூடியின் கொக்கியை இரண்டு மில்லிமீட்டர் தள்ள வேண்டும் என்றாலும் அதே கதை. 3டி பிரின்டர் வந்துவிட்டது, இனி அச்சே வேண்டாம் என்கிற வாதம் இன்னும் பலவீனமானது. ஒரு பொருளை அச்சிட மணிக்கணக்கில் எடுக்கும் கருவி, பாட்டில் மூடியைச் சில நொடிக்கு ஒருமுறை டஜன் கணக்கில் துப்பும் அச்சோடு போட்டியிட முடியாது. அது உண்மையில் உதவுவது அச்சுக்காரருக்குத்தான். நேராகத் துளைக்க முடியாத இடங்களில் வளைந்து நெளிந்து ஓடும் தண்ணீர்ப் பாதையோடு அச்சின் உள்பாகத்தை உலோகத்தூளில் அடுக்கித் தருகிறது.

மாநில அரசு பெரிய வாடிக்கையாளராகவும் இருக்கிறது. 2011-க்குப் பிறகு லட்சக்கணக்கான வீடுகளுக்கு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்த அரசு இது. பள்ளிப் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸும் அதன் கொள்முதல்தான். இனி வீடுதோறும் ஸ்மார்ட் மீட்டர் வரப்போகிறது. ஒவ்வொரு மீட்டருக்கும் மேல்மூடி, அடிப்பெட்டி, முனையங்களின் மூடி என்று வார்த்த பாகங்கள் உண்டு. டெண்டரில் பொருளின் விலையை மட்டும் கேட்காமல், அச்சு எங்கே செய்யப்பட்டது என்று ஒரு வரி கேட்கலாம். உள்ளூர் அச்சுக்குச் சிறு மதிப்பெண் கூடுதலாகத் தரலாம். பெயருக்கு ஒரு பட்டறையைக் காட்டிவிட்டு இறக்குமதி அச்சை ஓட்டுகிறவர்களும் வருவார்கள். அதற்கு அச்சின் வடிவமைப்புக் கோப்பையும் ட்ரையல் பதிவையும் எஃகு வாங்கிய பில்லையும் சேர்த்துக் கேட்டால் போதும். உண்மையாகவே அச்சு செய்த பட்டறையில் இந்த மூன்றும் மேசை இழுப்பறையிலேயே இருக்கும்.